தகரக் கொட்டகையில் மூன்று மாதம்: போத்தலில் இருந்த கேஸ் எங்கே போனது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் குழுவில் இருக்கிறீர்கள். தீபாவளி நேரத்தில் விலை மலிவாகக் கிடைத்தது என்று ஒன்றரை லிட்டர் கோலா, ஆரஞ்சு போத்தல்களையும் கொஞ்சம் டின் பானத்தையும் மொத்தமாக வாங்கி, ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஸ்டோரில் அடுக்கினீர்கள். மூன்று மாதம் கழித்து, ரதம் வரும் நாளில் திறந்தால் போத்தல் பானம் பெரும்பாலும் சப்பென்று இருந்தது. டின்னில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போத்தலில் இருந்து ஐஸ் போட்ட கப்பில் ஊற்றியபோது மட்டும் நுரை பொங்கி வழிந்திருக்கிறது. குழுவில் ஒருவர், "வெயிலில் வைத்தால் கேஸ் செத்துப்போகும்" என்கிறார். இன்னொருவர், "ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்து, மறுபடி வைத்து எடுத்ததால்தான்" என்கிறார். மூன்றாமவருக்குக் கடைக்காரர் மேல் சந்தேகம்: பழைய சரக்கைத் தள்ளிவிட்டாராம்.

குளிர்பானம் நிரப்பும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு மேசையில் இருபது ஆண்டுக்கு மேல் நின்றவன் நான். இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் எத்தனையோ முறை என்னிடம் வந்திருக்கிறது. பதில் இதுதான்: முதல் ஆள் சொன்னது பாதி சரி, இரண்டாவது ஆள் சொன்னது தவறு, கடைக்காரர் மேல் பழி போட ஒரு முகாந்திரமும் இல்லை. சூடு கேஸைக் கொல்வதில்லை. அது இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மூடி திறக்காமலே பிளாஸ்டிக் சுவர் வழியாக மெல்ல மெல்லக் கசியவிடுவது. போன கேஸை எப்படிக் குளிர வைத்தாலும் திரும்பப் பெற முடியாது. மற்றொன்று, திறந்த நொடியில் உள்ளே இருப்பதை ஒரே மூச்சில் வெளியே தள்ளுவது. இதை நம்மால் தடுக்க முடியும். உங்கள் பந்தலில் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கின்றன.

அடிப்படையில் இருந்து வருகிறேன். வாயு தண்ணீரில் கரைவது, சர்க்கரை கரைவதற்கு நேர் எதிர். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், வாயு குளிரில்தான் நன்றாகக் கரையும். சோற்றுக்கு உலை வைக்கும்போது கவனித்திருப்பீர்கள். தண்ணீர் கொதிக்க இன்னும் நெடுநேரம் இருக்கும்போதே பானையின் அடியிலும் பக்கத்திலும் குருணை மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். அது ஆவி இல்லை. தண்ணீரில் கரைந்திருந்த காற்றுதான், சூடு ஏற ஏற இடமில்லாமல் வெளியே வருகிறது. குளிர்பானத்தில் இருப்பது கரியமில வாயு. அதுவும் இதே குணம் உள்ளதுதான். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் கரியமில வாயு கரையும். 10 டிகிரியில் 2.3 கிராம், 20 டிகிரியில் 1.7 கிராம். பினாங்கு மத்தியானம் போல 30 டிகிரி ஆகிவிட்டால் 1.25 கிராம்தான். ஐஸ் குளிரில் கரைவதில் பாதிகூட இல்லை.

ஆனால் ஒரு லிட்டர் கோலாவில் இருப்பது கிட்டத்தட்ட 7 கிராம். குளிரில்கூட 3.3 கிராம்தான் கரையும் என்றால், 7 கிராம் எப்படி உள்ளே போனது? அழுத்தத்தால்தான். 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, பீர் புளிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரை வைத்து அதில் இந்த வாயுவை ஏற்றிப் பார்த்தார். மேலே மூடி அழுத்தாத வாயு என்பதால் நாக்கைச் சுரீரென்று தொடும் சுள்ளாப்பு இலேசாக மட்டுமே கிடைத்திருக்கும். அழுத்தத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறோமோ அத்தனை மடங்கு வாயு கரையும் என்ற விதியை 1803-இல் வெளியிட்டவர் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. குளிர்பானத் தொழில் மொத்தமும் இந்த இரண்டு பிடிமானத்தில்தான் நிற்கிறது: குளிர வை, அழுத்தி மூடு. ஆலையில் பானத்தை 4 டிகிரி பக்கம் குளிர வைத்து, அழுத்தத்துக்குள்ளேயே நிரப்பி, அழுத்தம் இறங்குவதற்குள் மூடி போடுவது பழைய வழக்கம். நிரப்பிய டின் அவ்வளவு சில்லென்று வருவதால், நம் ஊர் ஈரக் காற்றில் வெளியே வியர்த்து அட்டைப்பெட்டியை நனைத்துவிடும். அதனால் பெட்டியில் அடுக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீர் தெளிக்கும் சுரங்கம் ஒன்றின் வழியே அதை ஓட்டிச் சூடாக்குவார்கள். அதாவது நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டின்னும் பிறந்த அன்றே ஒரு முறை குளிர்ந்து ஒரு முறை சூடாகித்தான் வெளியே வருகிறது. "வைத்து எடுத்து, வைத்து எடுத்து" கெட்டுப்போகும் என்றால், ஆலையைத் தாண்டுவதற்குள்ளேயே கெட்டிருக்க வேண்டும்.

மூடிய டின்னுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேஸ் அதே 7 கிராம்தான், எங்கேயும் போகவில்லை. ஆனால் சூடானதும் பானம் அதை முன்போல் பிடித்து வைக்க முடியாமல் மேலே இருக்கும் சிறு இடைவெளிக்குத் தள்ளும், அங்கே அழுத்தம் ஏறும். ஐஸ்பெட்டியில் 4 டிகிரியில் இருக்கும் கோலா டின்னுக்குள், வெளிக்காற்றைவிட சுமார் ஒன்றரை வளிமண்டலம் கூடுதல் அழுத்தம் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்தான் ஒரு வளிமண்டலம்). கார் டயரில் அடைப்பதைவிடக் குறைவு. அதே டின்னை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்து 30 டிகிரி ஆகிவிட்டால் நாலரை வளிமண்டலத்தை எட்டும், கார் டயரைப் போல இரண்டு மடங்கு. உங்கள் தகரக் கொட்டகையில் மத்தியானம் 40 டிகிரி இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் 6 வளிமண்டலம். சாயங்காலம் மழை பெய்து குளிர்ந்தால் கேஸ் சத்தமில்லாமல் பானத்துக்குள் திரும்பிப் போய்விடும். மறுநாள் மறுபடி ஏறும். அலுமினியம் வழியாகக் கரியமில வாயு ஊடுருவாது, அதனால் டின்னில் இந்த ஏற்ற இறக்கம் எத்தனை நாள் நடந்தாலும் கேஸ் குறையாது. உங்கள் டின் பானம் நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கண்ணாடி போத்தலும் அப்படியே.

இங்கே ஒரு எச்சரிக்கை. டின்னை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். டின்னின் அடிப்பாகம் உள்பக்கமாகக் குழிந்து இருப்பது அழுத்தத்தைத் தாங்கத்தான். அந்தக் குழிவு சுமார் 6 வளிமண்டலம் தாங்கும்படி செய்யப்படுகிறது. அதற்கு மேல் போனால் டப்பென்று வெளிப்பக்கம் பிதுங்கிவிடும், டின் நேராக நிற்காது. அதற்கும் மேல் போனால் மூடியின் விளிம்பு கிழிந்து பானம் கார் முழுக்கப் பீய்ச்சும். பிதுங்கிய டின்னைப் பார்த்தால் கையில் எடுத்துக் குலுக்காமல் மெல்ல நிழலுக்கு மாற்றி, நன்றாகக் குளிர்ந்த பிறகே தொடுங்கள்.

இனி போத்தல். உங்கள் விஷயத்தின் மையம் இதுதான்.

இன்றைக்கு நாம் வாங்கும் பெட் பிளாஸ்டிக் போத்தலுக்கு 1973-இல் காப்புரிமை வாங்கியவர் டியூபான்ட் நிறுவனத்தின் நதானியல் வைத். கேஸின் அழுத்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் போத்தல் அதற்கு முன் சரியாக அமையவில்லை. அருமையான பொருள்: இலேசானது, உடையாது, கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் அது கண்ணாடி இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் அதன் இழைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. கரியமில வாயு அந்தச் சுவருக்குள் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறும். ஒரு நாளைக்கு வெளியேறுவது மிகச் சொற்பம். ஆனால் இரவு பகலாக, திறக்கும் நாள் வரை அது நிற்பதில்லை.

இந்தக் கசிவை எது வேகப்படுத்தும்? உள்ளே அழுத்தம் கூடினால் தள்ளும் விசை கூடும். பிளாஸ்டிக் சூடானால் அதன் இழைகள் தளர்ந்து வழி விடும். தகரக் கூரை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. என் அனுபவக் கணக்கில், 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்கை நெருங்கும். குளிரூட்டிய அறையில் 20 டிகிரியில் இருக்கும் போத்தலையும், தகரத்தின் கீழ் பகல் முழுக்க 40 டிகிரியில் வேகும் போத்தலையும் பக்கத்தில் வைத்தால், அது மூன்று நாலு மடங்கு வித்தியாசம். அதை மூன்று மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். போத்தலில் அச்சடித்த தேதி இன்னும் தாண்டாமல் இருக்கலாம். நிழலில், சுமாரான வெப்பத்தில் வைப்பார்கள் என்று நம்பிப் போட்ட தேதி அது. கடைக்காரர் புதுச் சரக்கே கொடுத்திருந்தாலும் உங்கள் கொட்டகை அதைப் பழசாக்கியிருக்கும்.

சூட்டில் இன்னொன்றும் நடக்கிறது. அழுத்தம் தாங்காமல் போத்தல் மிக இலேசாக உப்பும். உப்பிய பிளாஸ்டிக் குளிர்ந்த பிறகும் பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பாது. அடியில் ஐந்து விரல் போல இருக்கும் பாதங்களில் இது முதலில் தெரியும். தட்டையான மேசையில் வைத்தால் போத்தல் ஆடும். கொள்ளளவு கூடினால் மேலே காலி இடம் கூடும், அந்த இடத்தை நிரப்பவும் பானத்தில் இருந்துதான் கேஸ் போக வேண்டும்.

சிறிய போத்தல் இன்னும் மோசம். ஒன்றரை லிட்டர் போத்தலோடு ஒப்பிட்டால், அரை லிட்டர் போத்தலில் உள்ள ஒவ்வொரு மிடறு பானத்துக்கும் சுற்றிலும் இருக்கும் சுவர் சுமார் 40 சதவீதம் அதிகம். அதனால் அதே வெப்பத்தில் அது சீக்கிரம் சப்பென்று ஆகும். எனவே நீண்ட நாள் வைக்க வேண்டியது டின், அடுத்தது பெரிய போத்தல், உடனே குடிக்க வேண்டியது சின்னப் போத்தல். ஆரஞ்சு பானம் உங்களுக்கு அதிகம் சப்பென்று தெரிந்திருக்கும், காரணம் அதில் ஆரம்பத்திலேயே கேஸ் குறைவு. ஒரு லிட்டர் பானத்தில் எத்தனை லிட்டர் வாயு கரைந்திருக்கிறது என்பதை ஆலையில் 'வால்யூம்' என்போம். கோலா மூன்றரையில் இருந்து நாலு வரை இருக்கும். ஆரஞ்சு பெரும்பாலும் இரண்டு பக்கம்தான். நம் ஊரில் 1983-இல் வந்த 100 பிளஸ் என்ற பானமும் இலேசான கேஸ் உள்ளதுதான். குறைந்த முதலில் இருந்து கொஞ்சம் போனாலும் நாக்குக்குப் பெரிதாகத் தெரியும்.

அந்த அளவை எப்படி எடுப்போம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், சொல்கிறேன். ஓடும் வரிசையில் இருந்து ஒரு போத்தலை உருவி எடுத்து, இரும்புச் சட்டத்தில் மாட்டி, கைப்பிடியைக் கீழே இறக்கினால் ஓர் ஊசி மூடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஊசியோடு அழுத்தமானி சேர்ந்திருக்கும். முதலில் மேலே இருக்கும் காற்றைக் கொஞ்சம் சீறவிட்டு, அடைத்து, போத்தலைச் சட்டத்தோடு சேர்த்து நன்றாகக் குலுக்க வேண்டும். முள் ஏறி ஏறி ஓர் இடத்தில் நிற்கும். இனி எவ்வளவு குலுக்கினாலும் அசையாது. அப்போது எண்ணைக் குறித்துக்கொண்டு, உடனே மூடியைத் திறந்து வெப்பமானியை விட்டு டிகிரியையும் குறிக்க வேண்டும். அழுத்தம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அதே முள், 5 டிகிரியில் நின்றால் ஒரு வால்யூம், 25 டிகிரியில் நின்றால் வேறு வால்யூம். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இரண்டு எண்ணும் சந்திக்கும் கட்டத்தைப் பார்த்தால்தான் விடை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு, வெப்பத்தைக் குறிக்க மறப்பது. அந்தப் போத்தலை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து முதலில் இருந்து செய்யச் சொல்வேன்.

உங்களுக்கு அந்தக் கருவி தேவையில்லை, கை போதும். ஒரே வெப்பத்தில் இருக்கும் இரண்டு போத்தலைப் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். கேஸ் நிறைந்தது கல் மாதிரி இருக்கும், கசிந்தது விரலுக்கு இடம் கொடுக்கும். ஒன்று ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்தது, ஒன்று வெளியே இருந்தது என்றால் இந்தச் சோதனை செல்லாது. குளிர்ந்தது எப்போதும் சற்று இளக்கமாகத்தான் இருக்கும், கேஸ் பானத்துக்குள் போயிருப்பதால். நம் பாட்டன் காலத்துக் கோலி சோடா இதைத் தானே காட்டிவிடும். 1872-இல் ஹைரம் காட் காப்புரிமை வாங்கிய அந்தப் போத்தலில், உள்ளிருக்கும் கேஸ்தான் கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்திப் பிடிக்கும். கேஸ் போனால் கோலி விழுந்துவிடும், வாங்குகிறவர் கண்ணுக்கே தெரியும்.

சரி, சப்பென்று ஆன பானம் ஊற்றும்போது மட்டும் ஏன் பொங்கியது? பொங்கல் என்பது கேஸ் அதிகம் இருப்பதற்கு அடையாளம் அல்ல, இருந்த கேஸ் ஒரே வேகத்தில் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். மூடியைத் திறந்ததும் உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். 30 டிகிரியில் பானம் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடியது லிட்டருக்கு ஒன்றேகால் கிராம். கசிந்தது போக அதில் நாலு கிராம் மீதி இருந்தாலும், மூன்று மடங்குக்கு மேல் சுமக்கிறது. இறக்கி வைக்க இடம் தேடுகிறது. அந்த இடம்தான் குமிழி. வழவழப்பான சுவரில் குமிழி எளிதில் பிறக்காது. சொரசொரப்பு, தூசி, துணி இழை, மாட்டிக்கொண்ட காற்றுப்பொட்டு ஏதாவது வேண்டும். ஐஸ் கட்டி அதற்கென்றே செய்தது போன்றது. மேலெல்லாம் கீறல், பள்ளம், சின்னச் சின்னக் காற்றறைகள். சூடான பானத்தை ஐஸ் மேல் உயரத்தில் இருந்து ஊற்றுவது, கேஸை வெளியேற்ற இருக்கும் வழிகளில் ஆக வேகமானது. ஆனால் கூட்டம் நெருக்கும் பந்தலில் நாம் எல்லோரும் செய்வது அதைத்தான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு, கணக்கு சொல்கிறேன். 250 மில்லி பானத்தை 31 டிகிரியில் இருந்து 4 டிகிரிக்கு இறக்க, சுமார் 80 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது கப்பில் ஊற்றிய பானத்தோடு மூன்றில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் சேர்கிறது. நுரை வழிந்து கேஸ் போனது ஒரு பக்கம், மிச்சமும் நீர்த்துப் போனது இன்னொரு பக்கம். காவடி எடுத்து, வெயிலில் நடந்து, தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறப் போகிறவர் கையில் நாம் கொடுப்பது அது. முன்பே 4 டிகிரிக்குக் குளிர வைத்த பானமாக இருந்தால் ஐஸே வேண்டாம். போட்டாலும் உருகுவது கொஞ்சம்தான்.

ஊற்றும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. ஷாம்பெய்ன் குமிழிகளையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட பிரான்சின் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரார் லிஜே-பெலேர் குழுவினர் 2010-இல் இதை அளந்தே காட்டினார்கள். கிளாஸைச் சாய்த்துப் பக்கச் சுவரில் வழியவிட்டு ஊற்றினால், நட்டமாக ஊற்றுவதைவிடக் கேஸ் கூடுதலாகத் தங்குகிறது. பானம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு குறைவாக இழக்கிறது. கோலாவுக்கும் இதே இயற்பியல்தான். கப்பைச் சாய்த்துப் பிடிக்க ஒரு கையும் இரண்டு விநாடியும் போதும்.

குளிர்ந்த பானம் ஏன் அதிகம் "சுரீர்" என்கிறது என்பதற்கு நாக்கும் ஒரு காரணம். குமிழி உடைந்து குத்துவதுதான் அந்தச் சுள்ளாப்பு என்று நெடுநாள் நினைத்தோம். உண்மையில் கரியமில வாயு நாக்கில் உள்ள ஒரு நொதியால் அமிலமாக மாறுகிறது, புளிப்பை உணரும் செல்கள் அதை உணர்கின்றன. 2009-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் சூக்கர் குழுவினர் இதைக் காட்டினார்கள். 2013-இல் வேறொரு குழு, அழுத்த அறைக்குள் ஆட்களை உட்கார வைத்துக் குமிழியே வராதபடி செய்து குடிக்கக் கொடுத்தபோதும் அந்தக் கடுப்பு அப்படியே இருந்தது. ஆக, நாக்குக்கு வேண்டியது நுரை இல்லை, கரைந்திருக்கும் கேஸ். பொங்கி வழிந்த கப்பு பார்க்க ஆர்ப்பாட்டமாக இருக்கும், வாயில் வைத்தால் வெறும் இனிப்புத் தண்ணீர்.

பாதி குடித்த போத்தல் பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மூடியை எவ்வளவு இறுக்கினாலும், காலியான இடத்தை நிரப்பும் வரை கேஸ் பானத்தில் இருந்து வெளியேறும். ஒன்றரை லிட்டர் போத்தலில் அரை லிட்டர் மிச்சம் என்று வையுங்கள். ஐஸ்பெட்டியில் 5 டிகிரியில் வைத்தால், மூடும்போது பானத்தில் இருந்த கேஸில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் பானத்திலேயே தங்கும். மேசை மேல் 30 டிகிரியில் விட்டால் 27 சதவீதம் பக்கம்தான். அதனால் மூடி உடனே ஐஸ்பெட்டிக்குள் வைப்பது நல்லது, முடிந்தால் சின்னப் போத்தல் ஒன்றில் விளிம்பு வரை மெல்ல ஊற்றி மூடுவது அதைவிட நல்லது. போத்தலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது உதவாது. நசுங்கிய சுவரை உள்ளே வரும் கேஸ் மறுபடி தள்ளி நிமிர்த்திவிடும், நிமிர்த்திய கேஸ் உங்கள் பானத்தில் இருந்து போனதுதான். காற்றை அடைக்கும் பம்பு மூடியும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் ஏறும், திறக்கும்போது நல்ல சத்தமும் வரும். ஆனால் அது வெறுங்காற்றின் அழுத்தம். கரியமில வாயுவைப் பிடித்து வைக்கக் கரியமில வாயுவின் அழுத்தம்தான் வேண்டும்.

குளிர் நல்லது என்று ஃப்ரீசருக்குள் வைத்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், உறைந்த பகுதி கேஸையும் ஏற்காது, அத்தனையும் மிச்சமிருக்கும் திரவத்துக்குள் நெருக்கும். அக்கா வீட்டில் ஒரு முறை விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று அவசரத்துக்கு நாலு டின்னை ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டோம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு வெடிச் சத்தம். திறந்து பார்த்தால் இறைச்சிப் பொட்டலம், பட்டாணிப் பை எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிறத்தில் பனி தூவியது மாதிரி கோலா உறைந்து கிடந்தது. சுரண்டி எடுக்க மறுநாள் காலை வரை ஆனது. சர்க்கரை இல்லாத டின் இன்னும் முன்னாடியே உறையும். அந்த வகைப் பானம் சூட்டுக்கும் ஆகாது, அதில் பெரும்பாலும் போடும் அஸ்பார்டேம் நாள்பட்ட வெப்பத்தில் சிதைந்து இனிப்பு குறையும். கேஸ் குறையாத டின்னிலும் அது நடக்கும்.

அடுத்த தைப்பூசத்துக்கு என் யோசனை. மலிவு விலைக்காகத் தீபாவளிக்கே வாங்க வேண்டும் என்றால் டின்னாக வாங்குங்கள். போத்தல் வேண்டுமென்றால் பூசத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன் போதும். தகரத்தின் கீழ் வேண்டாம். வேறு இடமே இல்லையென்றால், கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டு, பெட்டிகளைத் தரையோடு தாழ அடுக்குங்கள், மேல் காற்றைவிட சிமெண்டுத் தரைப்பக்கம் சூடு குறைவு. அன்றைக்குக் காலையில் பெரிய தோங்கில் (பீப்பாயில்) ஐஸை மட்டும் கொட்டாமல், ஐஸ் பாதி தண்ணீர் பாதியாக நிரப்பிப் போத்தல்களைக் கழுத்து வரை முக்கி வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி போத்தலை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் முழுசாகச் சுற்றிக்கொள்ளும், குளிர் வேகமாக ஏறும். நாலு கைப்பிடி கல்லுப்பு போட்டால் தண்ணீர் 0 டிகிரிக்கும் கீழே இறங்கும், அப்போது போத்தலை அதிக நேரம் விடாமல் கவனித்து எடுக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் போத்தலுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள், நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். லோரியில் இருந்து இறக்கிய உடனே திறக்க வேண்டாம், குலுங்கியதில் சுவரெல்லாம் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். அசையாமல் குளிரும் நேரத்தில் அவை கரைந்துவிடும்.

கொட்டகையில் இன்னும் பன்னிரண்டு பெட்டி மிச்சம் இருக்கிறது, கொட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். தேதி தாண்டாமல் மூடி இறுக்கமாக இருந்தால் கொட்ட வேண்டாம், போனது கேஸ்தான், பானம் கெடவில்லை. முதலில் பெட்டிகளை இன்றைக்கே வீட்டுக்குள் மாற்றுங்கள். விருந்துக்குக் கொடுக்கும் அன்று ஆரஞ்சையும் கோலாவையும் ஐஸ் தண்ணீரில் நன்றாகக் குளிர வைத்து, அதேபோல் நன்றாகக் குளிர்ந்த சோடாத் தண்ணீரை டின்னில் இருந்து திறந்து, கப்பைச் சாய்த்து இரண்டு பங்கு பானத்துக்கு ஒரு பங்கு சோடா என்று சேருங்கள். சோடாவில் கோலாவைவிடக் கேஸ் கூடுதல் என்பதால் சுள்ளாப்பு ஓரளவு திரும்பி வரும். இனிப்பு கொஞ்சம் மட்டுப்படும், அதைப் பெரியவர்கள் விரும்பியே குடிப்பார்கள். ஐஸ் மட்டும் கப்பில் போடாதீர்கள்.